தோழனை வெட்டிய டிவிடி

நடந்தது இந்த ஒழுங்கில்தான்:

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓர் அம்மா நனைந்த குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

2. கைப்பையைத் திறந்து ஒரு டிவிடியை எடுத்தார். அதை லேஞ்சியில் சுற்றி, அந்தக் கைக்குட்டையின் நான்கு மூலையையும் முடிந்து வைத்திருந்தார்.

3. “பிள்ளை, உதில ஒராளை எடுத்துவிடவேணும்” என்றார்.

4. “செய்யலாங்க அம்மா. யாரை?” என்றேன்.

5. “என்ர மகனை.”

6. நான் வேலைப் புத்தகத்தில் திகதியைப் போட்டு, பக்கத்தில் ‘மகன்’ என்று எழுதினேன். வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.

சென்ற வாரம் நான் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொன்னேன். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். கீழே பேக்கரி, மேலே நாங்கள். பத்து மணிக்கு மீன் பணிஸ் வாசம் படியேறி வரும். முதலாளி பாரூக் நானா. டிப்ளோமா முடித்த கையோடு நான். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை.

எங்கள் வேலை, பழுதாகப்போகும் டிவிடிகளைப் பிரதி எடுத்துக் கொடுப்பது. கண்டியின் ஈரத்துக்கு அலுமாரிக்குள் வைத்த டிஸ்க்கும் பூஞ்சணம் பிடிக்கும். கொண்டுவருபவர்கள் யாரும் பிரதியோடு திருப்திப்பட்டதில்லை.

வேண்டாதவை

“அப்படியே கொப்பி எடுத்துத் தாங்க” என்று தொடங்குவார்கள். படியிறங்கப் போகும்போது திரும்பி வருவார்கள். “அப்படியே இன்னொன்னு…”

அந்த இன்னொன்றுகளை ஒரு காலத்தில் பட்டியலாக எழுதி வைத்திருந்தேன். முதலிடம் வீடியோக்காரரின் விளம்பரத்துக்கு. அது படத்தின் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் ஓடும். எந்தப் பட்டனை அமர்த்தினாலும் தாண்டிப் போகாது. இரண்டாவது, மணமக்களின் தலையைச் சுற்றிப் பறக்கும் இதயப் படங்கள். மூன்றாவது, மனிதர்கள்.

மனிதர்களில்தான் என் பொறுமை போகும். பிரிந்துபோன மருமகன், சீட்டுக்காசில் கோபித்த சித்தப்பா, சாப்பாட்டுப் பந்தியில் வாயைத் திறந்துகொண்டிருக்கும் தாங்களே. கலஹாவிலிருந்து வந்த ஒரு அக்கா, மகளின் சடங்கு வீடியோவிலிருந்து நாத்தனாரை எடுக்கச் சொன்னார்.

“ஏங்க, சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. நான் கட்டின அதே கலர் சாரிய அவளும் கட்டிட்டு வந்துட்டா. பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?”

“அக்கா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஆரத்தி எடுக்கிறீங்க?”

“அவள மட்டும் எடுத்துருங்க. கொம்பியூட்டர்தானே!”

கொம்பியூட்டர்தானே. அந்தக் கடையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். ஒருவர் மீன் வெட்டுபவரிடம் போய், ‘முள்ளை மட்டும் எடுங்க, மீனில் கத்தி படக்கூடாது’ என்று சொல்வாரா?

தலைப்பாகையோடு இருவர்

அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வு பெற்று, இங்கேயே காலமானவர். கட்டுகாஸ்தோட்டைப் பக்கம் வாடகை வீடு. மகள் சுகந்தியின் கல்யாண டிவிடி அது. மாப்பிள்ளை வெளிநாட்டில். கல்யாணம் முடிந்து இரண்டாவது கிழமையே திரும்பிப் போய்விட்டார். சுகந்தி அவரிடம் போவதற்கு விசா வேண்டும். கல்யாணம் உண்மையான கல்யாணம்தான் என்று காட்டத் தூதரகத்துக்கு வீடியோ வேண்டும்.

டிஸ்க்கைப் போட்டுக் காட்டினேன். அம்மா கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“இவன்தான்.”

திரையில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிறார். ஒரு இளைஞர் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி அவர் காலைக் கழுவுகிறார். மாப்பிள்ளைக்குக் கூச்சமாக இருக்க வேண்டும், காலை இழுக்கிறார். கழுவுகிறவர் விடாமல் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிறகு இருவரும் தலைப்பாகையோடு சேர்ந்தே நடக்கிறார்கள். சேர்ந்தே மணவறையில் இருக்கிறார்கள்.

எங்கள் மலையகத்துக் கல்யாணங்களில் இப்படிப் பார்த்ததில்லை. “இவர் யாருங்க, ஏன் கூடவே இருக்காரு?” என்றேன்.

“மாப்பிள்ளைத் தோழன். பொம்பிளையின்ர சகோதரன்தான் நிக்கவேணும். அதுதான் முறை.”

“எதுவரைக்கும்?”

“கடைசிவரைக்கும்.”

நான் வீடியோவை வேகமாக ஓடவிட்டேன். கடைசிவரைக்கும்தான். இரண்டு மணி பத்து நிமிடப் படத்தில் மாப்பிள்ளை எங்கெல்லாம் இருந்தாரோ அங்கெல்லாம், ஒரு முழம் தள்ளி, அம்மாவின் மகன் ரமணன் இருந்தார்.

“அம்மா, இவரை எடுத்தா மாப்பிள்ளையும் போயிடுவாருங்க.”

“மாப்பிள்ளை நிக்கட்டும். இவனை மட்டும் எடும்.”

“அப்படி முடியாதுங்க.”

“கொம்பியூட்டர்தானே பிள்ளை?”

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஏன் எடுக்க வேண்டும் என்று, வழக்கமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன். அம்மா படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. குரலை இறக்கிச் சொன்னார்.

கல்யாணம் முடிந்து மூன்றாவது கிழமை. தங்கையின் விசாப் பத்திரங்களுக்காக ரமணன் கொழும்புக்குப் போனார். ஒரு லொட்ஜில் தங்கினார். அன்றைக்கு அந்த வீதியில் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பிறந்த இடத்தைப் பார்த்தார்கள், ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து மாதமாகிறது. இன்ன இடத்தில் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே ஆறு கிழமை எடுத்தது.

“கொழும்பில ஃபோம் நிரப்பித் தாறவர் ஒராள் சொன்னவர், தடுப்பில இருக்கிறவன்ர முகம் வீடியோவில இருந்தா ஆயிரம் கேள்வி வருமெண்டு. அவளுக்கும் கிடையாமப் போகுமெண்டு. பஸ்சில கொண்டுபோகேக்கை செக்பொயின்ரில பிடிச்சு ஆரெண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?”

ஒரு பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளையையாவது வெளியே அனுப்பப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

பாரூக் நானா அன்று பின்னேரம் வேலைப் புத்தகத்தைப் புரட்டினார்.

“என்னத்த புள்ள எழுதி ஈக்கிறா? ‘மகன்’?”

விஷயத்தைச் சொன்னேன். நானா அந்தப் பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டார்.

“அவங்க சொல்றத செஞ்சு குடு. செஞ்ச ஒடனே எல்லாத்தையும் அழிச்சுடு. ஒனக்கும் எனக்கும் அந்தக் கதை ஒண்டும் தெரியாது.”

வாசல் கோலம்

எடுத்துவிடுவது என்றதும் என் அம்மா சொன்ன ஒரு கதை நினைவுக்கு வரும். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம், எண்பத்து மூன்றில் தமிழர் வீடுகளைத் தாக்கிய கலவரம் நடந்தபோது, எங்கள் மஹய்யாவ வீட்டில் அம்மா ஒவ்வொன்றாக எடுத்தார். முன்னறைப் பிள்ளையார் படம் அரிசிப் பானைக்குள் போனது. நிலையில் கட்டியிருந்த மாவிலை அடுப்புக்குள் போனது. நெற்றிப் பொட்டைத் துடைத்தார். அண்ணனுக்கு அப்போது மூன்று வயது. றோட்டில் ‘அப்பா’ என்று கூப்பிடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்.

எல்லாம் முடித்துக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தார்கள். வெளியே யாரோ தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஜன்னல் இடுக்கால் பார்த்தால், முன்வீட்டுச் சிங்கள மாமி ஈர்க்கு விளக்குமாற்றால் எங்கள் வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். காலையில் அம்மா போட்ட கோலம், பெரிதாக, வெள்ளை வெளேரென்று, அதுவரை அப்படியே இருந்திருக்கிறது.

இருபத்தொன்பது நிமிடம்

வேலை நான்கு நாள் எடுத்தது. நான்கு நாளும் அந்த அம்மா ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். எனக்கு ஆட்கள் தோளுக்கு மேலால் பார்த்தால் வேலை ஓடாது. சொல்லிப் பார்த்தேன். “நான் கதைக்கமாட்டன் பிள்ளை” என்றார். கதைத்தார்.

வெட்டக்கூடியதை வெட்டினேன். வெட்ட முடியாத இடத்தில் படத்தைப் பெரிதாக்கி, ரமணனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன். பெரிதாக்கினால் படம் கரகரவென்று உடையும். அதற்கும் வழியில்லாத இடத்தில் குத்துவிளக்கைக் காட்டினேன். அந்தக் கல்யாணத்தில் குத்துவிளக்கு நிறைய நேரம் எரிகிறது.

நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. ஒருமுறை முக்கால் மணி நேர வேலை அப்படியே போனது. “ஐயோ, சேமிச்சு வைக்கிறேல்லையோ?” என்றார் அம்மா. பதில் சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்காது.

மூன்றாம் நாள், இனி ரமணன் இல்லை என்று நான் நினைத்த ஒரு இடத்தில், “நிப்பாட்டும்” என்றார். திரையில் சுகந்திக்கு மாலை நீட்டுகிற கைகள் மட்டும்தான் இருந்தன. நாலைந்து பேருடைய கைகள்.

“என்னங்க?”

விரலால் தொட்டுக் காட்டினார். “இது அவன்ர கை.”

“கையை வச்சு யாருங்க கண்டுபிடிப்பாங்க?”

“நான் கண்டுபிடிச்சனே.”

அதையும் எடுத்தேன்.

இரண்டு மணி பத்து நிமிடம், இருபத்தொன்பது நிமிடமானது. தாலி கட்டும் காட்சியில் ரமணனின் தோள் மாப்பிள்ளையின் தோளோடு ஒட்டியிருந்தது. அதைத் தவிர்க்க, தாலி முடிகிற கைகளை மட்டும் பெரிதாக்கி வைத்தேன். ஓடவிட்டுப் பார்த்தபோது எனக்கே விசித்திரமாக இருந்தது.

“அம்மா, தாலி கட்டுறது யாருன்னே தெரியலைங்களே.”

“அவர்தான் கட்டினவர்.”

“நமக்குத் தெரியும். பாக்கிறவங்களுக்கு?”

“மாப்பிள்ளைதானே பிள்ளை தாலி கட்டுவார்? வேற ஆர் கட்டுறது?”

இதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

இரண்டு கதவு

மெனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டிவிடியில் படம் ஓர் அறை, மெனு வேறோர் அறை. படத்தில் ஒருவரை வெட்டினால் மெனுவில் அவர் வெட்டுப்படமாட்டார். அந்த வீடியோக்காரர் செய்திருந்த மெனு ரோசா நிறம். இதயப் படங்கள். நடுவில் ஆறு சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் கல்யாணத்தின் ஒரு துண்டு பதினைந்து விநாடிக்குத் திரும்பத் திரும்ப ஓடும். இரண்டாவது சதுரத்தில் கால் கழுவும் காட்சி.

நான் புதிதாக ஒரு மெனு செய்தேன். வெறும் நீலம், இரண்டு பட்டன், இதயம் எதுவுமில்லை. டிஸ்க்கைப் போட்டதும் இதுதான் வரும்படி வைத்தேன். பழைய மெனுவுக்குப் போகிற வழிகளை அடைத்தேன். ஆனால் பழைய மெனுவை அழிக்கவில்லை. அழித்தால் எல்லாவற்றையும் அடியிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும். வழியில்லாத அறைக்குள் யார் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு வழி இருந்தது. ரிமோட்டில் மெனு என்றே ஒரு பட்டன் இருக்கும். அதை அமர்த்தினால் நான் அடைத்த வழியாக இல்லாமல், நேராகப் பழைய மெனுவுக்குப் போகும். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கக் குசினிக் கதவைத் திறந்து வைத்த கதை.

கம்பியூட்டரில் மவுசால் சோதித்தேன். என் பட்டியலில் பதினொரு விஷயம். பதினொன்றுக்கும் சரி போட்டேன். கடையில் டிவிடி பிளேயர் இருந்தது. ரிமோட்டும் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

அம்மா புது டிஸ்க்கையும் பழைய டிஸ்க்கையும் லேஞ்சியில் முடிந்துகொண்டு போனார்.

நானா கேட்டார். “அழிச்சியா?”

“அழிச்சிட்டேன் நானா” என்றேன். அழிக்கவில்லை. முழுக் கல்யாணத்தையும் ‘பிரிண்டர் டிரைவர்’ என்று பெயரிட்ட ஒரு கோப்புக்குள் போட்டு வைத்தேன். ஏனென்று அப்போது தெரியாது. வேலையை முழுதாக அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

சுகந்தி வந்தார்

இரண்டு மாதம் கழித்து சுகந்தி தனியாக வந்தார். திரையில் நான்கு நாள் பார்த்த முகம், நேரில் மெலிந்திருந்தது. அம்மா இருக்கும் அதே கதிரையில் இருந்தார்.

“விசா இல்லையெண்டிட்டினம்” என்றார்.

நேர்முகத்தில் நடந்ததைச் சொன்னார். அதிகாரி ஒரு பெண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். ஃபோமில் ஒரு அண்ணன் இருப்பதாக எழுதியிருக்கிறதே, அவர் கல்யாணத்துக்கு வந்தாரா என்று கேட்டார்கள். அந்த ஃபோம் நிரப்புகிறவர் சொல்லிக் கொடுத்தபடி, “வேலையால வரேலாமப் போச்சு” என்று சுகந்தி சொன்னார். பிறகு டிஸ்க்கைப் போட்டார்கள். தாலி கட்டியதைப் பார்த்த அதிகாரிக்கு, கட்டியவரின் முகம் வேண்டியிருந்தது. பின்னுக்குப் போகலாம் என்று ரிமோட்டை எடுத்து மெனுவை அமர்த்தினார்.

“ரோசா நிறத்தில வந்துது” என்றார் சுகந்தி.

எனக்கு அந்த இரண்டாவது சதுரம் நினைவுக்கு வந்தது.

“அண்ணா காலைக் கழுவுறார். இவர் காலை இழுக்கிறார். அண்ணா சிரிக்கிறார். முடிய, திரும்பவும் முதல்ல இருந்து. ‘இவர் யார்?’ எண்டு கேக்கினம். நான் வாய் திறக்கேல்லை. அது ஓடிக்கொண்டே இருந்துது. எத்தினை தரமெண்டு தெரியாது.”

“உடனே ஏதாச்சும் சொல்லியிருக்கலாமே” என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு முட்டாள்தனமான பேச்சு என்று தெரிந்தது.

“ஏழு மாசத்துக்குப் பிறகு அண்ணா அசையிறதைப் பாக்கிறன். கதைச்சா நிப்பாட்டிப்போடுவினம்.”

பிறகு உண்மையைச் சொல்லியிருக்கிறார். அண்ணன்தான், வந்திருந்தார், இப்போது தடுப்பில் இருக்கிறார். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பொய் பதிவாகிவிட்டது. வெட்டிய வீடியோ ஒன்றும் மேசையில் இருந்தது. விசா மறுப்புக் கடிதத்தில் இரண்டையும் எழுதியிருந்தார்கள்.

“பிழை என்னோடதுங்க” என்றேன். “அந்த மெனுவை நான் அழிச்சிருக்கணும்.”

“ஓம், உங்கட பிழைதான்” என்றார். “பொய் சொன்னது நான்.”

மன்னிப்பு என்று இரண்டு பேரும் எதையும் கேட்கவில்லை. அவர் மேல்முறையீடு செய்யப்போகிறார். உண்மையெல்லாம் எழுதி, முழு வீடியோவோடு. பிரச்சினை, முழு வீடியோ இல்லை. வீட்டைச் சோதனையிட வருவார்கள் என்று பயந்து அம்மா மூல டிஸ்க்கை உடைத்துக் கிணற்றில் போட்டுவிட்டார். வீடியோக்காரர் நாட்டைவிட்டே போய்விட்டார்.

நான் ‘பிரிண்டர் டிரைவரை’த் திறந்தேன்.

பாரூக் நானா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். திரையில் கல்யாணம் ஓடத் தொடங்கியதும், “அழிச்சிட்டேண்டு சொன்னியே புள்ள?” என்றார்.

“பொய் நானா.”

“ரெண்டு கொப்பியா அடி” என்று சொல்லிவிட்டு, நானா படிக்கட்டுக் கதவைச் சாத்தி ‘மூடப்பட்டுள்ளது’ அட்டையைத் திருப்பிப் போட்டார்.

அம்மாவும் மகளும்

அடுத்த நாள் டிஸ்க்கை எடுக்க இருவரும் வந்தார்கள். வரும்போதே சண்டையோடுதான் வந்தார்கள்.

“அவனைக் காட்டினா உனக்குக் கிடையாது சுகந்தி. நான் சொல்லுறதைக் கேள்.”

“ஒளிச்சும் கிடைக்கேல்லையே அம்மா.”

“சரியா ஒளிச்சிருந்தா கிடைச்சிருக்கும்!” என்று என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

“அண்ணாவைத் தோழனா நிப்பாட்டினது ஆர்? நீங்கள். அவர் வேண்டாமெண்டவர், வெக்கமா இருக்கெண்டவர். முறையெண்டு நிப்பாட்டினீங்கள். இப்ப அவர் வரவே இல்லையெண்டு நான் ஒருக்காச் சொன்னது காணும். இனிச் சொல்லமாட்டன்.”

கீழே பேக்கரியில் தட்டுகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் அம்மா என் பக்கம் திரும்பி, இறங்கிப்போன குரலில், “அப்ப அந்த வீடியோக்காரன்ர விளம்பரத்தையாவது எடும் பிள்ளை. பாக்கிறவைக்கு அலுப்பு” என்றார்.

“இல்லைங்க அம்மா. ஒண்ணையும் எடுக்க மாட்டேன்.”

“இதயப் படம்?”

“அதுவும் இருக்கட்டும்.”

அந்த வேலையில் நான் செய்ததெல்லாம் இதுதான்: ஒன்றும் செய்யாதது. இரண்டு மணி பத்து நிமிடம், ரோசா மெனு, விளம்பரம், குத்துவிளக்கு எரிய வேண்டிய அளவுக்கு மட்டும். இந்தத் தடவை பிளேயரில் போட்டு, ரிமோட்டின் ஒவ்வொரு பட்டனையும் அமர்த்திப் பார்த்தேன். அம்மாவும் கூடவே இருந்து பார்த்தார். கால் கழுவும் துண்டு ஓடியபோது, “இன்னொருக்கா விடும்” என்றார். அது தானாகவே திரும்ப வரும் என்று நான் சொல்லவில்லை. வந்தது.

இப்போதைய நிலை

பதினொரு மாதம் இழுத்தபிறகு சுகந்திக்கு விசா கிடைத்தது. போய்விட்டார்.

யுத்தம் முடிந்துவிட்டது. ரமணன் இன்னும் வரவில்லை. வழக்குத் தவணை போய்க்கொண்டிருக்கிறது. அம்மா மாதத்தில் ஒருமுறை முதல் பஸ்சில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். குளிக்கச் சவர்க்காரம், உடுக்கச் சாரம், பிஸ்கட் உள்ளே கொடுக்கலாம். டிவிடி கொடுக்க முடியாது. வீடியோக்காரர் அந்த டிஸ்க்கை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தபோது, ரமணனைப் பிடித்து நான்கு நாளாகியிருந்தது. தங்கையின் கல்யாண வீடியோவை அவர் இன்னும் பார்க்கவில்லை.